திருச்செந்தூருக்கா போறிய?

தூத்துக்குடிப் புதிய பேருந்து நிலையத்தில் நான் குடித்த தேநீர்களைக் கணக்கிட்டால் இருபதுக்குக் குறையாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது திருச்செந்தூர் போய் முருகனைப் பார்த்து வருவது எங்கள் வீட்டு வழக்கம். செந்தூர் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காத போதெல்லாம் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் தூத்துக்குடியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையம் சேர்ந்து, "செந்தூர், செந்தூர்" என்று கூவும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவோம். அடுத்த நாற்பது கிலோமீட்டரில் புகைபோக்கிகளும் வெள்ளை உப்புக் குவியல்களும் வாழைத்தோட்டங்களும் வந்து போகும். குழந்தைகள் உப்பைப் பார்த்துப் பனி என்று கத்தும். பெரியவர்கள் திரும்பி வரும்போது மக்ரூன் வாங்க மறந்துவிடக் கூடாது என்று நினைவூட்டிக்கொள்வார்கள். இருபது ஆண்டுகளில் தூத்துக்குடி எனக்குத் தந்தது இவ்வளவுதான். தவறு ஊருடையது அல்ல.

சென்ற ஆண்டு ஜூலைக் கடைசியில் தனியாகப் போய் அங்கே நான்கு நாள் தங்கினேன். ரயில் நிலைய வாசலில் நின்ற ஆட்டோக்காரர் என் பையைப் பார்த்ததும், "அண்ணாச்சி, திருச்செந்தூருக்கா போறிய?" என்றார். இல்லை என்றேன். "அப்ப மணப்பாடா? உவரியா?" அதுவும் இல்லை, இங்கேதான் என்றேன். "இங்க யாரு இருக்காக?" யாருமில்லை, ஊரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னதும் கண்ணாடி வழியாக என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். "பாக்குறதுக்கு இங்க என்ன இருக்கு? வேலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். விடுதி வரவேற்பில் இருந்த இளைஞரும், மறுநாள் காலை டீக்கடைக்காரரும், உப்பளத்தில் சந்தித்த அம்மாவும் ஏறக்குறைய இதே கேள்வியை இதே வரிசையில் கேட்டார்கள். நான்காவது முறை கேட்கப்பட்டபோது எனக்கே என் பயணத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

ஆனால் இந்த ஊரைக் கடந்து போவது நம் காலத்துப் பழக்கம் அல்ல. கடந்து போகிறவர்களை ஏற்றி இறக்கித்தான் இந்த ஊர் வளர்ந்தது. 1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடிக் கரையை வந்தடைந்தது. அதன் பிறகு கொழும்புக்குப் போக வேண்டியவர்கள் இங்கே ரயிலிலிருந்து இறங்கிக் கப்பல் ஏறினார்கள். பின்னாளில் தனுஷ்கோடியோடு சேர்த்தே நாம் நினைக்கும் போட் மெயில் ரயில் முதலில் ஓடியது தூத்துக்குடிக்குத்தான். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே குறுகிய கடல்வழி அமைந்த பிறகே அந்தக் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. அதுவரை இலங்கையின் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குப் போன ஏழைத் தமிழர்களில் ஏராளமானோரும், வட்டிக்கடை வைக்கப் போனவர்களும், சரக்கு விற்கப் போனவர்களும் இந்தக் கரையின் மணலில் ஒரு பகலாவது காத்திருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட தூத்துக்குடியைப் பார்க்க வந்தவராக இருந்திருக்க மாட்டார்.

வ.உ.சிதம்பரனார் கப்பல் விட்ட கதையையும் இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் முழுமையாகப் புரிகிறது. பள்ளிப் பாடத்தில் அது தேசபக்திக் கதை. தூத்துக்குடியில் நின்று யோசித்தால் அது டிக்கெட் விலைக் கதையும்கூட. கொழும்புக்குப் போகும் கூட்டத்தை ஏற்றிச் செல்லும் உரிமை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. வ.உ.சி. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் அந்தக் கம்பெனி இலவசமாக ஏற்றிச் செல்வதோடு ஒரு குடையும் தருவதாக அறிவித்தது என்று சொல்வார்கள். வெயிலில் மணலில் காத்திருப்பவனுக்குக் குடையைக் காட்டத் தெரிந்தவர்கள் வியாபாரிகள்தாம். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்களோடு நின்றார். மார்ச்சில் கைதானார். 1912 டிசம்பரில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. அவர் இறந்ததும் இதே ஊரில்தான், 1936இல். இப்போது பெரிய துறைமுகத்துக்கு அவர் பெயர்.

முதல் நாள் காலை பழைய துறைமுகத்தை ஒட்டிய கரைக்கு நடந்தேன். பெரிய கப்பல்கள் வரும் துறைமுகம் ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊரோடு ஒட்டிக் கிடப்பது இந்தப் பழையது, தோணிகளின் துறை. தோணி என்ற சொல்லைக் கேட்டு ஆற்றில் ஆள் ஏற்றும் ஓடத்தை நினைத்துவிடக் கூடாது. தூத்துக்குடித் தோணி என்பது நூறடி நீளமும், முந்நூறு டன் வரையில் சரக்கு ஏற்றும் வயிறும் கொண்ட மரக்கப்பல். ஒரு காலத்தில் பாயை மட்டும் நம்பிப் போனது. இன்று எஞ்சினும் உண்டு. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் வெங்காயம், காய்கறி, செங்கல், ஜல்லி, சிமெண்ட் என்று கடைத்தெருவில் விற்கும் எதையும் கொண்டுபோகும். தோணியை நடத்துபவருக்குத் தண்டல் என்று பெயர். எஃகுக் கப்பல்களும் கன்டெய்னர் பெட்டகங்களும் வந்த பிறகும் இந்த மரக்கப்பல்கள் ஓடுவதற்குக் காரணம் எளிமையானது: சிறிய தீவுகளுக்குச் சிறிய அளவில் சரக்கு வேண்டியிருக்கிறது, அதற்காகப் பெரிய கப்பலை அனுப்பினால் கட்டுப்படியாகாது.

நான் போனபோது தோணிகள் ஓடவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அவை கரையில் ஓய்ந்து கிடக்கும். கரைக்கு இழுத்து, இரு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த ஒரு தோணியின் அடியில் இருவர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அருகில் போனதும் எண்ணெயும் குங்கிலியமும் கலந்த வாசனை மூக்கைப் பிடித்தது. பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, தட்டை உளியை அதன்மேல் பொருத்தி, மரச்சுத்தியால் அடித்து உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள். இதற்குக் கலப்பத்து அடிப்பது என்று பெயர். போர்த்துகீசிய மொழியிலும் இந்த வேலைக்கு ஏறக்குறைய இதே ஓசையுடைய சொல்தான். அலமாரியும் சாவியும் ஜன்னலும் போல, கடல் வழியே வந்து கரையில் தங்கிவிட்ட சொற்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இருவரில் மூத்தவர் ஒவ்வோர் அடிக்கும் ஓசையைக் கேட்டார். முதல் இரண்டு அடிகள் மந்தமாக விழுந்தன, மூன்றாவதும் நான்காவதும் இறுகி, ஐந்தாவதில் மரத்தின் ஓசையே வந்துவிட்டது. அந்த ஓசை வந்ததும் உளியை நான்கு விரல் தள்ளி வைத்தார். பார்த்துச் செய்யும் வேலை என்று நினைத்துக்கொண்டு குனிந்து இடுக்கை உற்றுப் பார்த்த என்னிடம், "கண்ணுல என்ன தெரியும்? காதுலதான்" என்றார். அதிகமாக அடித்தால் பலகை விலகிவிடும், குறைவாக அடித்தால் தண்ணீர் வரும். தோணி முழுவதையும் இப்படி நான்கு விரல் நான்கு விரலாகச் சுற்றி வர வேண்டும். இந்த வேலைக்குப் பையன்கள் வருகிறார்களா என்று கேட்டேன். தன் மகன் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான் என்றார். அதில் வருத்தம் இருந்ததாக நான் எழுதினால் அது என் கற்பனை. அவர் குரலில் இருந்தது பெருமைதான்.

எப்போது கடலில் இறங்கும் என்றதற்கு, "கச்சான் அடங்கட்டும்" என்று மேற்கே கையைக் காட்டினார். மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றை நான் முதல் நாளிலிருந்தே சபித்துக்கொண்டிருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, கரிசல் காட்டின் வெக்கையையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும் காற்று அது. அதே காற்றுக்காக ஊரின் மற்றொரு பாதி காத்திருக்கிறது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

உப்பளத்துக்கு விடியும் முன்பே போய்விட வேண்டும் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை மணி. அங்கே வேலை தொடங்கி நெடுநேரம் ஆகியிருந்தது. வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெளிச்சத்தில் கண் திறக்க முடியாது என்பதால் இருட்டிலேயே தொடங்கிக் காலையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகமாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பகுதி இந்த மாவட்டத்துக் கரையோரத்தில். விளைவது என்றுதான் சொல்கிறார்கள், செய்வது என்று யாரும் சொல்வதில்லை. பயிருக்கு உள்ள எல்லாச் சொற்களும் இதற்கும் உண்டு. பாத்தி உண்டு, வரப்பு உண்டு, பருவம் உண்டு, மழை வந்தால் நட்டம் உண்டு.

கடல்நீரையோ, பல இடங்களில் அதைவிட உப்பு மிகுந்த நிலத்தடி நீரையோ பம்பு வைத்து இறைத்து, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மெல்ல மெல்ல நகர்த்துகிறார்கள். நீரில் உப்பின் அடர்த்தியை இங்கே டிகிரியில் சொல்கிறார்கள். கடல்நீர் ஏறக்குறைய மூன்று டிகிரி. வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க டிகிரி ஏறுகிறது. முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படிந்து விலகுகின்றன. இருபத்தைந்தை நெருங்கும்போது உப்பு பூக்கத் தொடங்குகிறது. முப்பது டிகிரிவரை விட்டுவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அதற்கு முன் மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். ஆக, சமையலறையில் நாம் கிள்ளிப் போடும் உப்பு என்பது, இந்த ஐந்து டிகிரி இடைவெளியில் சரியாகப் பிடித்து நிறுத்தப்பட்ட கடல். இதை அளக்க மிதவைக் கருவி இருக்கிறது. அங்கே இருந்த வயதான ஒருவர் அதை எடுக்காமல், பாத்தி நீரை உள்ளங்கையில் அள்ளி விரல்களால் தேய்த்துப் பார்த்து, இன்னும் ஒரு நாள் என்றார்.

பருவத் தொடக்கத்தில் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்தே இறுக்குகிறார்கள்; அப்போதுதான் உப்பில் மண் கலக்காது. பிறகு நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை ஓரத்துக்கு வாருகிறார்கள். வாருவது பெரும்பாலும் ஆண்கள். வாரிய ஈர உப்பைக் கூடையில் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுபோய்க் குவிப்பது பெண்கள். மேட்டில் நின்றிருந்த அம்மா ஒருவர் என் தோல் செருப்பைப் பார்த்து, "இத ஏன் போட்டுட்டு வந்திய? நாளைக்கே போயிரும்" என்றார். போகத்தான் செய்தது, மூன்றாம் நாள் தையல் விட்டு வாய் பிளந்தது. தோலே இந்தப் பாடுபட்டால் அவர்கள் கால் என்ன ஆகும் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. குதிகாலில் வெடிப்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை, கூடையிலிருந்து வழியும் கெட்டியான உப்புநீர் கழுத்தில் இறங்கிச் சட்டைக்குள் போகிறது. முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தும் அது எங்கே நிற்கும்? ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடையே அவர் என்னிடம் நின்று பேசிய நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. திருச்செந்தூர்க் கேள்வியை அதற்குள் கேட்டுவிட்டார்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகள் நிரம்பி வேலை நின்றுவிடும். குவியல்களைப் பனையோலையாலும் தார்ப்பாயாலும் மூடிவிட்டு, தை பிறந்து தரை காயும்வரை காத்திருப்பார்கள். அந்த மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எல்லோரும் தேதி சொல்லியே பேசுகிறார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது அப்போதுதான். அந்த வெள்ளத்தில் பாத்தி, வரப்பு, குவியல் எல்லாம் ஒன்றாகி, மாதக்கணக்கில் வாரிச் சேர்த்தது வந்த வழியே கடலுக்குப் போனது.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பார்த்தேன். கச்சான் வீசும்போது தோணி நிற்கிறது, உப்பு விளைகிறது. மழைக்காற்று திரும்பும்போது உப்பு நிற்கிறது, தோணி கடலில் இருக்கிறது. ஊரில் எப்போதும் ஒரு பாதி ஓய்ந்திருக்கும், மறுபாதிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆண்டுதோறும் பள்ளி விடுமுறையில் மட்டும் வந்து போன எனக்கு இது தெரியாமல் போனதில் வியப்பில்லை.

புதிய துறைமுகத்தைப் பார்க்க முடியவில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் வாசலுக்குப் போய் நின்றது என் மடத்தனம். காவலர் மரியாதையாகவே திருப்பி அனுப்பினார். உள்ளே என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். பார்க்க வேண்டியதில் பாதி வாசலுக்கு வெளியேயே இருந்தது. வரிசையாக நின்ற லாரிகளின் சரக்கை ஓட்டுநர்களிடம் கேட்டுக்கொண்டே நடந்தால் தென் தமிழகத்தின் பொருளாதாரப் பாடம் முடிந்துவிடும். கட்டிகளாக அழுத்திய தென்னைநார்க் கழிவு, திருப்பூர்ப் பனியன், கருங்கல், கோவில்பட்டித் தீப்பெட்டி, உப்பு. உள்ளிருந்து வெளியே வருபவை நிலக்கரியும் மரத்தடிகளும் கொல்லத்துக்குப் போகும் பச்சை முந்திரிக் கொட்டையும். மலச்சிக்கலுக்கு மருந்தாகும் நிலாவாரை இலையும் இங்கிருந்துதான் நெடுங்காலமாக வெளிநாடு போகிறது. திருநெல்வேலியின் பழைய ஆங்கிலப் பெயரைச் சேர்த்தே மருந்து வணிகம் அதை அழைக்கும். திருநெல்வேலிக்காரர்கள் அல்வாவைப் பற்றி மட்டும் பேசுவதன் காரணம் புரிகிறது.

இரவு பதினொரு மணிக்குமேல் புறவழிச் சாலைக்குப் போனால் காற்றாலை இறக்கைகள் வரும் என்று சொன்னார்கள், போனேன். முன்னே ஒரு வண்டி விளக்கைச் சுழற்றிக்கொண்டு வர, பின்னே எண்பது மீட்டர் அளவு நீளமுள்ள ஒற்றை வெள்ளை இறக்கை ஒன்று இருளிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அதன் நுனி என்னைக் கடந்தபோது லாரியின் முகப்பு அடுத்த திருப்பத்தை அடைந்திருந்தது. திருப்பத்தில் ஓர் ஆள் பின்னால் ஓடி ஓடி விசில் ஊதினார். கரிசல் காட்டில் வீசும் காற்றுக்காக ஊன்றப்படும் காற்றாலைகளைப் பார்த்திருக்கிறேன்; கப்பல் ஏறப் போகும் இறக்கை ஒரு தெருமுனையில் திரும்ப முடியாமல் பதினைந்து நிமிடம் தவிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

இந்தத் துறைமுகம் இயற்கையாக அமைந்தது அல்ல. தூத்துக்குடிக் கடல் கரையோரத்தில் ஆழமில்லாதது. முன்பெல்லாம் நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரமிடும், சரக்கும் ஆட்களும் படகில் போய் ஏற வேண்டும். அதனால்தான் 1964இல் லால் பகதூர் சாஸ்திரி அடிக்கல் நாட்டிய பிறகு, கடலுக்குள் ஏறக்குறைய நான்கு நான்கு கிலோமீட்டருக்குக் கல்லைக் கொட்டி இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கட்டி, நடுவில் ஒரு துறையைச் செய்துகொண்டார்கள். 1974 ஜூலை 11இல் இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவு செய்தும், இங்கே ஏறும் பெட்டகங்களில் பெரும்பகுதி சிறிய கப்பல்களில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. மனிதர்கள் ரயிலிலிருந்து இறங்கிக் கொழும்புக் கப்பல் ஏறியது போலவே பனியன்களும் ஏறுகின்றன. மனிதர்களுக்கான கப்பல் 2011 ஜூனில் மீண்டும் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றுபோனது.

ஊருக்கு முத்துநகர் என்று பெயர். ரயிலுக்கும் அதே பெயர். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அந்த முத்துக்காகத்தான் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியரும், 1658இல் டச்சுக்காரரும், 1825இல் ஆங்கிலேயரும் இந்தக் கரையைக் கைமாற்றிக்கொண்டார்கள். அதற்கும் முன்னே பாண்டியரின் கொற்கை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் விலகி, கொற்கை இன்று உள்நாட்டுக் கிராமம். முத்து போன பிறகும் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். திரேஸ்புரம் கரையில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். காதில் பஞ்சு வைத்திருந்தார், நான் கேட்டதில் பாதி அவருக்குக் கேட்கவில்லை.

ஜூலை 26 அன்று பனிமய மாதா கோவிலில் கொடியேற்றம். மாதாவின் சிலை 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது மரபு. ஸ்பானியர் மணிலாவைப் பிடித்ததே அதற்குப் பிந்தி என்பதால் ஆண்டைப் பற்றி எனக்கு ஐயமுண்டு, ஆனால் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று அதைச் சொல்லும் துணிவு எனக்கில்லை. இப்போதைய கோவில் 1713இல் கட்டியது. 1982இல் பசிலிக்கா ஆனது. கொடி மேலே ஏறிய கணத்தில் துறைமுகப் பக்கமிருந்து சங்கு ஒலித்தது. என் அருகில் நின்ற பாட்டி அந்த ஒலி கேட்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுற்றிலும் பர்னாந்து, மோத்தா, ரோட்ரிகோ, மச்சாடோ என்ற குடும்பப் பெயர்கள் கொண்டவர்கள், ஏலே மக்கா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற இந்துக் குடும்பம் ஒன்று வேண்டுதலுக்காகப் பாலும் பழமும் கொண்டுவந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத கரை இது. அன்று படகுகள் கட்டிக் கிடக்கும். மீன் வாங்குவதானால் சனிக்கிழமை மாலையே வாங்கிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. இங்கே இரவில் திறக்கும் புரோட்டாக் கடைகளுக்கு 'நைட் கிளப்' என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள்; குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம், சால்னாவைத் தவிர வேறு போதை கிடையாது. மக்ரூன் முந்திரிப் பருப்புத் தூள், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு மூன்றும் சேர்ந்தது. வெள்ளைக்கருவை நுரை நிற்கும்வரை அடித்து, காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் சிறு கோபுரங்களாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்த்துகிறார்கள். வாயில் போட்டதும் கடிக்கக் கூடாது. சென்னைக்கு வரும் வழியில் பாதி நொறுங்கிவிடும். இருபது ஆண்டுகளாக நாங்கள் பொடியைத்தான் தின்றுகொண்டிருந்திருக்கிறோம்.

எல்லாமே இனிப்பில்லை. புறவழிச் சாலை ஓரத்தில் மூடிக் கிடக்கும் தாமிர உருக்காலையை ஆட்டோக்காரர் கையால் சுட்டாமல் தலையை அசைத்துக் காட்டினார். அதை மூடச் சொல்லி 2018 மே 22 அன்று ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளும் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். ஆலை அந்த மாதமே பூட்டப்பட்டது. "வேலையும் போச்சு, ஆளும் போச்சு. ஆனா மூச்சு விட முடியுதுல்லா" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கடலும் தன் பங்குக்கு இழந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில், தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லி நீருக்குள் மூழ்கிவிட்டது. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்பாக்கியதும் அதற்கு ஒரு காரணம். எஞ்சியவற்றில் வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் குரூஸ் பர்னாந்து சிலையைக் கடந்தபோது அந்த ஆட்டோக்காரர், "இவருதான் எங்களுக்குத் தண்ணி குடுத்தவரு" என்றார். நகரசபைத் தலைவராக இருந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே 1927இல் ஊருக்குக் கொண்டுவந்தவர். எந்தத் திசையில் தோண்டினாலும் உப்புநீர் வரும் ஊரில் இதற்கு மேல் ஒரு தலைவர் என்ன செய்ய வேண்டும்?

இந்த ஜனவரியில் மறுபடி திருச்செந்தூர்ப் பயணம். வீட்டாரைப் பேருந்து நிலையத்தில் தேநீருடன் உட்கார வைத்துவிட்டு, அரை மணி நேரம் கேட்டு வாங்கி, பழைய துறைமுகக் கரைக்கு ஓடினேன். தோணி நின்றிருந்த இடத்தில் முட்டுக்கட்டைகளின் தடமும் மிதிபட்ட பஞ்சுத் துணுக்குகளும் கிடந்தன. வேலியோரம் வெங்காய மூட்டைகளுடன் ஒரு லாரி காத்திருந்தது. கலப்பத்து அடித்த மூத்தவர் அதன் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை.

"அந்தத் தோணி எங்கே அண்ணாச்சி?"

"மாலிக்குப் போயிருக்கு. மூணாவது நட." தீக்குச்சியை மணலில் குத்திவிட்டு என் கையிலிருந்த அர்ச்சனைப் பையைப் பார்த்தார். "திருச்செந்தூருக்கா போறிய?"

ஆமாம் என்றேன்.